நெட்டைத் தூருக்கு இரங்காதீர்!

நெல் கதிர் விடும் தருணத்தில் சில தூர்கள் மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் ஓங்கி நிற்பதைக் காணலாம். செழிப்பாகத் தெரிவதால் அவற்றைப் பிடுங்கப் பலருக்கு மனம் வருவதில்லை. அதே வயலில் விதை எடுக்கும் விவசாயிகள் இதில் ஏமாறக் கூடாது.

வலியதை வைத்து மெலியதைக் கழிக்கும் இயற்கை, இத்தனை ஆயிரம் ஆண்டுகளில் குறையற்ற நெல்லை உண்டாக்கியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. இயற்கைத் தேர்வு அவ்விதம் நடப்பதில்லை. பக்கத்துப் பயிரைவிட அதிக வித்துக்களை விட்டுச் செல்லும் பயிரே அங்கு வெல்கிறது. வயலின் மொத்த மகசூல் என்ற கணக்கு இயற்கைக்குக் கிடையாது.

ஒரு பயிர் வெயிலுக்காக உயர்ந்தால் அடுத்தது நிழலில் சிக்கும். எனவே குட்டையானவை கழிந்து நெட்டையானவை பெருகும். எல்லாமே உயர்ந்தபின் எதற்கும் கூடுதல் வெயில் இல்லை. மணிக்குச் சேர வேண்டிய சத்து தண்டுக்குப் போனதுதான் மிச்சம். உரம் கூடினால் பயிர் சாய்ந்தும் விடும்.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், தைவான் நாட்டுக் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னை இந்தோனேஷியாவின் நெட்டை ரகமான பீட்டாவுடன் இனச்சேர்க்கை செய்து, 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. இதன் குட்டைத் தன்மைக்குக் காரணம், பழுதுபட்ட ஒரு மரபணுவே! ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி குறைவாக உண்டாவதால் தண்டு நீள்வதில்லை. அந்தப் பழுதுதான் விவசாயிக்கு லாபமாயிற்று.

அதே நிலையத்தின் பயிர்ப் பெருக்க விஞ்ஞானி பீட்டர் ஜென்னிங்ஸும் சக ஆய்வாளரும் பல ரகங்களைக் கலந்து பயிரிட்டு, 1968இல் முடிவுகளை வெளியிட்டனர். தனியே பயிரிட்டால் நன்கு விளையும் குட்டை ரகங்கள், கலவையில் சில போகங்களிலேயே அருகிப் போயின. விளைச்சல் குறைந்த நெட்டை ரகங்களே மேலோங்கின.

மணி உதிர்வதும் இப்படித்தான். முதிர்ந்ததும் உதிர்வது காட்டு நெல்லுக்கு வம்ச விருத்தி, விவசாயிக்கோ நஷ்டம்.

ஆகவே விதைக்கு விடும் வயலில் பூக்கும் முன்பும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்பும் இறங்கிப் பார்க்க வேண்டும். உயரம், இலை, கதிர், மணியின் நிறம் ஆகியவற்றில் மாறுபடும் கலவன்களைத் தூரோடு பிடுங்கி அப்புறப்படுத்துவது அவசியம். கதிரை மட்டும் கிள்ளினால் பின்தங்கிய சிம்புகள் கதிர் விட்டுவிடும். முன்போகத்தில் உதிர்ந்த நெல் முளைத்துக் கலப்பதும் உண்டு; நடவுக்கு முன் அதை முளைக்கவிட்டு மடக்கி உழலாம். களத்தையும் பழைய சாக்குகளையும் சுத்தம் செய்த பிறகே விதை நெல்லை அடிக்க வேண்டும்.