வேலியில்லா வயல்கள்

ஆங்கில நாட்டுப்புறத்தைப் படங்களிற் கண்டோர், பசிய புதர்வேலிகளாற் பிரிக்கப்பட்ட கழனிகளே அந்நாட்டின் தொன்மைத் தோற்றமெனக் கருதுவர். அவ்வேலிகளுட் பல பிற்காலத்தன. அவற்றிற்கு முன்னிருந்த வேளாண்முறையை இன்றும் நேரிற் காணத்தக்க ஊர் ஒன்றுண்டு. நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூரே அது. அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவோம்.

முதலாம் வில்லியம் மன்னன் ஆணையால் 1086இல் தொகுக்கப்பெற்ற டூம்ஸ்டே ஏட்டில் இவ்வூர் குறிக்கப்பெற்றுள்ளது. நார்மானியர் எழுப்பிய கோட்டையின் மண்மேடு ஊரின் வடபால் இன்றும் உளது. 1635இல் மார்க் பியர்ஸ் என்பார் ஊர் நிலம் முழுவதையும் அளந்து படம் வரைந்தார். நிலத்துண்டுகளேயன்றி, உழுவோரும் அறுப்போரும் வேட்டையாடுவோரும் அதிற் சிற்றுருவங்களாகத் தீட்டப்பெற்றுள்ளனர். அப்படம் ஆக்ஸ்பர்டு போட்லியன் நூலகத்திற் போற்றப்படுகின்றது.

இனி, அவ்வூரார் பயிரிடும் முறையைக் காண்போம். ஊரைச் சூழ்ந்து தென்வயல், மேல்வயல், ஆலைவயல் என மூன்று பெருவயல்கள் உள. ஒவ்வொன்றும் நீண்ட பட்டைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஓர் உழவனுடைய பட்டைகள் ஒரே இடத்தில் இரா. மூன்று வயல்களிலும் பரந்து கிடக்கும். ஆதலின் நல்ல மண்ணும் மெலிந்த மண்ணும் ஒருவர்க்கே சேராமற் பலர்க்கும் பங்காயின. முதலாண்டு கோதுமை, அடுத்த ஆண்டு வேனிற்பயிர், மூன்றாமாண்டு தரிசு என்பது பழைய முறை. தரிசிலும் அறுவடைத் தாளிலும் ஊர்க் கால்நடைகள் பொதுவாக மேய்ந்தன. எனவே ஒருவன் தான் விரும்பியவாறு விதைத்தல் இயலாது. அயலாரோடு ஒத்தே விதைத்தல் வேண்டும்.

இம்முறை ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுநாட்டில் எங்கும் பரவியிருந்தது. பின்னர் நிலவுடைமையாளர் பட்டைகளை ஒன்றுசேர்த்து வேலியடைக்கலாயினர். 1604 முதல் 1914 வரை இதன்பொருட்டு 5,200க்கு மேற்பட்ட மசோதாக்கள் நிறைவேறின. சற்றேறக்குறைய 68 இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றுள் அடங்கிற்று. விளைச்சல் பெருகியதென்பது மெய்யே. ஆயினும் பொதுமேய்ச்சலை நம்பி ஒரு பசுவை வைத்துப் பிழைத்த ஏழைக்கு அந்நிலம் அடைபட்டது. லாக்ஸ்டனிலும் நிலத்தின் ஒரு பகுதி வேலியடைக்கப்பெற்றது. பட்டைகளின் தொகையும் குறைந்தது. மூன்று வயல்கள் மட்டும் எஞ்சி நின்றன.

வேலியில்லாதவிடத்து எல்லையைக் காப்பது யாது? ஊர் மன்றமே. ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் இறுதியை ஒட்டி, உழவருட் பன்னிருவர் கொண்ட ஜூரி கோதுமை வயலைச் சுற்றிப் பார்க்கும். எல்லை மயங்கிய இடங்களில் முளை அடித்துக் காட்டும். பொதுவழியையோ அயலான் பட்டையையோ உழுதவன் எவன் எனக் குறிக்கும். அடுத்த வாரம் கூடும் மன்றத்தில் அவனுக்குத் தண்டம் விதிக்கப்படும். தண்டம் சிறிதே, ஆயினும், தன்னோடு நாள்தோறும் பழகுவோர் முன்னிலையில் தவறு வெளிப்படுதல் பெரிது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் நீதியதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டன் மன்றத்தை விலக்கி வைத்தது.

நிலமோ கைமாறிக்கொண்டே வந்துள்ளது. 1952இல் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண்மை அமைச்சகம் அதனை வாங்கிற்று. 1981இல் முடியரசின் சொத்துத்துறை ஏற்றது. 2020இல் மான்வர்ஸ் குடும்ப வழியினரின் தோரஸ்பி பண்ணைக்கு அது மீண்டது. உரிமையாளர் ஒவ்வொரு முறை மாறியபோதும், வயல்கள் நிலைக்குமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இவ்வயல்களோ கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காக்கும் பொருளல்ல. உழவர் சிலரேனும் ஊரில் தங்கி, பட்டைகளை உழுது, ஜூரியில் அமர்ந்தால்தான் இம்முறை உயிர்வாழும். கோட்டை கட்டினோர் மறைந்தனர், மண்மேடு எஞ்சிற்று. உழுவோர் மறையின், இவ்வயல்களின் பொருட்டு எஞ்சுவது 1635ஆம் ஆண்டுப் படம் ஒன்றேயாகும்.