கால் வைத்த ஈமப்பேழை

ஆவடிப் பகுதியில் உள்ள சேக்காட்டில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாய்க்கரிசி போடுவார்கள். காரியத்தன்று இறந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் வைப்பார்கள். போனவருக்கும் பசிக்கும் என்ற இந்த எண்ணம் மிகப் பழையது.

1888-இல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். நீளத் தொட்டி போன்ற உடல், மேலே மூடி, அடியில் வரிசையாகக் குட்டையான கால்கள். இத்தகைய பேழைகளில் எலும்புகளைப் பொறுக்கி வைத்து, பக்கத்தில் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் வைத்தனர். கால்கள் ஏன்? மண்ணில் படாமல் தூக்கி நிறுத்தவா, அல்லது அது ஒரு கட்டிலா? செய்தவர்கள் எழுதி வைக்கவில்லை. எனக்குக் கட்டிலாகவே தெரிகிறது. உறங்குகிறவரைக் கிடத்தும் கனிவு அதில் இருக்கிறது.

தெற்கே ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் அடக்கம் செய்தார்கள். 1899 முதல் 1905 வரை ரீ அங்கு நடத்திய அகழாய்வில் மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களோடு, பானைகளில் நெல் உமியும் கிடைத்தது. பொன்னை விட அந்த உமிதான் நெஞ்சைத் தொடுகிறது; யாரோ வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்ததுபோல.

எல்லோரும் ஒரே வழியில் போகவில்லை. சுடுதல், வெளியே இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், தாழியில் கவித்தல் எனப் பல முறைகள் ஒரே ஊரில் நடந்ததை மணிமேகலையின் சுடுகாட்டுக் காட்சி சொல்கிறது.

ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் காண ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.