வெளியாள் வந்தால் வேலை குறையுமா?

சேர்வராயன் மலையில், 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் வேரூன்றிய காப்பிப் பயிர் இன்றும் நாகலூரைச் சுற்றியுள்ள சரிவுகளை மூடியிருக்கிறது. பழம் சிவக்கும் பருவத்தில் தோட்டத்தின் நிரந்தர ஆட்கள் போதாமல் போகவே, கூலிக்கு வெளியாட்களைக் கூட்டிப் பறிப்பை முடிப்பது அங்கு வழக்கம். பத்துப் பேர் பறித்த இடத்தில் இருபது பேர் பறித்தால் வேலை ஏறத்தாழப் பாதி நாளில் முடிந்துவிடும், ஏனெனில் ஒரு செடியில் பறிப்பவர் அடுத்த செடியில் பறிப்பவரைக் கேட்டறிய வேண்டியது எதுவுமில்லை. இதே கணக்கை மென்பொருள் ஆக்கத்திற்கும் போட்டுப் பார்க்கும் நிறுவனங்களே, ஆள் பற்றாக்குறையிலிருந்து மீள எண்ணி அதைவிடப் பெரிய நெருக்கடியில் சிக்குகின்றன.

இந்தத் தவற்றை முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்களில் ஒருவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசைக்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பொறுப்பை ஏற்றிருந்த அவர், உச்சக்கட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தும் அப்பணி காலக்கெடுவைத் தாண்டிச் சென்றதைக் கண்டார். 1975இல் வெளியிட்ட ‘தி மித்திகல் மேன்-மன்த்’ என்னும் நூலில், ஏற்கெனவே பிந்திவிட்ட மென்பொருள் பணியில் புதிதாக ஆட்களைச் சேர்ப்பது அதை மேலும் பிந்தச் செய்யும் என்ற முடிவை முன்வைத்தார். புரூக்ஸ் விதி என வழங்கும் இதற்கு அவர் கூறிய காரணங்கள் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் வலுவிழக்கவில்லை. புதியவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் ஏற்கெனவே களைத்திருக்கும் பழையவரே. பிரித்துக் கொடுக்கப்பட்ட வேலையை மறுபடியும் பிரிக்க வேண்டியிருக்கிறது. பேசி ஒத்துப்போக வேண்டிய இணைகளும் பெருகுகின்றன. ஆறு பேர் கொண்ட குழுவில் இருவர் இருவராக அமையும் இணைகள் 15. அதில் நால்வரைச் சேர்த்துப் பத்தாக்கினால் அவை 45 ஆகின்றன, அதாவது ஆள் இரு மடங்குகூட ஆகாத நிலையில் பேச்சு மும்மடங்காகிறது.

இவற்றுள் மிகக் கூடுதலாகக் கவனிக்கத் தக்கது கற்றுக்கொடுக்கும் சுமைதான். மென்பொருள் அலுவலகங்களில் ‘கே.டி.’ என்று சுருக்கமாகக் குறிக்கப்படும் அறிவு மாற்றம் என்பது, இந்த நிரல் ஏன் இப்படி எழுதப்பட்டது, எந்த வாடிக்கையாளருக்காக எந்த விதிவிலக்கு நுழைக்கப்பட்டது, எதைத் தொட்டால் எது உடையும் என்பன போன்ற, பெரும்பாலும் எங்கும் எழுதி வைக்கப்படாத செய்திகளைப் பழையவர் புதியவரிடம் ஒப்படைப்பதாகும். ஆறு பேர் குழுவில் இருவர் தம் நாளில் பாதியை ஒரு மாதம் இதற்கு ஒதுக்கினால், அந்த மாதத்தில் குழு இழப்பது ஒரு முழு ஆளின் உழைப்பை. அந்த இருவர் குழுவிலேயே விவரமறிந்தவர்களாக இருப்பர் என்பதால் உண்மையான இழப்பு இன்னும் அதிகம். ஆகவே வெளியுதவியை நாட வேண்டிய நேரம் குழு மூச்சுத் திணறும் நேரம் அன்று, திணறல் வரப்போகிறது என்று தெரியத் தொடங்கும் நேரம். வரவேண்டியவர்களுக்காக முன்கூட்டியே எழுதி வைக்கப்படும் பத்துப் பக்கக் குறிப்பு, அவசரத்தில் கூட்டிவரும் இரண்டு ஆட்களைவிட அதிக வேலையைச் செய்துவிடும்.

வெளியாட்களைக் கொண்டு குழுவைப் பெருக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. தமிழர்கள் அதில் பெரும்பாலும் அந்த வெளியாட்களாகவே இருந்திருக்கிறார்கள். ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் பதித்து வைத்திருந்த பழைய நிரல்கள் 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது 1900 என்று குழம்பிவிடும் என்ற அச்சம் 1990களின் இறுதியில் மேலைநாட்டு வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் பற்றியபோது, கோபோல் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட அந்நிரல்களை வரி வரியாகப் பார்த்துத் திருத்த ஏராளமான இந்தியப் பொறியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். இத்தகைய அயல்நாட்டுத் திறன்பணியாளர்களுக்கான அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்த 65,000 என்ற ஆண்டு வரம்பு, 1999, 2000 நிதியாண்டுகளில் 1,15,000 ஆகவும், அடுத்த மூன்றாண்டுகளுக்கு 1,95,000 ஆகவும் உயர்த்தப்பட்டு, 2004இல் மீண்டும் 65,000க்கு இறக்கப்பட்டது. அந்தத் திருத்தப் பணி வெளியாட்களுக்கு ஏற்றதாக அமைந்ததற்கு அதன் தன்மையே காரணம்: தேடவேண்டியது இன்னதென்று தெளிவாக இருந்தது, ஒருவர் திருத்தும் நிரலை மற்றவர் திருத்தும் நிரலிலிருந்து பெருமளவு பிரித்துவைக்க முடிந்தது, சரியாகிவிட்டதா என்பதைச் சோதித்தறியவும் வழி இருந்தது.

இந்த மூன்று இயல்புகளும் உள்ள பணியை வெளியே கொடுப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. பழைய தரவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது, தானியங்கிச் சோதனைகளை எழுதுவது, இயங்கிவரும் சேவைக்குக் கைப்பேசிச் செயலி அமைப்பது ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அதற்கு மாறாக, நிறுவனத்தின் உயிர்நாடியான கட்டமைப்பை எப்படி வகுப்பது, எந்த வசதியை முதலில் தருவது என்பன போன்ற முடிவுகளை ஆறு மாத ஒப்பந்தத்தில் வருபவரிடம் விடுவது, வந்தவருக்கும் நியாயமன்று, நிறுவனத்திற்கும் நல்லதன்று.

வெளியுதவி வரும் வடிவங்களும் பல. தேவைப்படும் திறனுள்ள ஆளை ஒரு நிறுவனத்திடமிருந்து மாத வாடகை போன்ற கட்டணத்தில் பெற்று, தம் குழுவின் மேற்பார்வையிலேயே வேலை வாங்குவது ஒன்று. வரையறுத்த ஒரு பகுதியை விலைபேசி முழுவதுமாக ஒப்படைப்பது மற்றொன்று. தனித்தொழில் செய்பவரை நேரடியாக அமர்த்துவது இன்னொன்று. முதல் வகையில் மேலாண்மைச் சுமை அமர்த்துபவர் தலையில்தான் விழுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், கருப்பூர் அருகே 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்காவும் அமைந்த பின்னர், இத்தகைய உதவியைப் பெங்களூரிலும் சென்னையிலும் மட்டும் தேட வேண்டிய நிலை இல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்புத் தரும் டான்ஃபிநெட் திட்டம் முழுப் பயன் தருமானால் நாகலூர் போன்ற மலையூரிலிருந்தும் இவ்வேலை நடைபெறக்கூடும்; கிராமத்திலிருந்தே கணினிப் பணி செய்ய இயலும் என்பதைச் சென்னை ஐஐடியின் துணையுடன் தொடங்கப்பட்ட தேசிக்ரூ நிறுவனம் 2007 முதலே காட்டியிருக்கிறது. வெளியே தேடாமல் உள்ளேயே வளர்க்கும் வழியும் உண்டு. ஸோஹோ நிறுவனம் பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்து, உதவித்தொகை கொடுத்து, பயிற்றுவித்துப் பணியில் அமர்த்தும் முறையை 2005ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. நெருக்கடியை அடுத்த மாதமே தீர்க்க இவ்வழி உதவாது என்றாலும், ஈராண்டுக்கு அப்பால் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிடச் சிறந்தது வேறு இல்லை.

அமர்த்துவது என்று முடிவு செய்த பின் ஒப்பந்தத்தில் கவனம் வைக்க வேண்டிய இடம் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைக்கிறது. சம்பளப் பணியாளர் தம் பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், முதலாளியே முதல் உரிமையாளர். ஆனால் வெளியாள் எழுதிய நிரலுக்குப் பணம் கொடுத்ததாலேயே அது வாங்கியவர் உடைமையாகிவிடாது. உரிமையை எழுத்து வடிவில் கையொப்பத்துடன் மாற்றித் தர வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டுகள் மட்டும் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் விற்கும் சேலத்துச் சிறு நிறுவனம் ஒன்றுக்கு விடுபட்ட இந்த இரண்டு சொற்றொடர்கள் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் சொந்த விவரங்கள் வெளியாள் கைக்குப் போகும்போதும் பொறுப்பு அமர்த்தியவரை விட்டு நீங்குவதில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒரு நிறுவனத்தின் சார்பில் தரவைக் கையாள்பவர் செய்வதற்கும் அந்நிறுவனத்தையே பொறுப்பாக்குகிறது, தகுந்த பாதுகாப்பு இல்லாமைக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகையும் விதிக்க இடமளிக்கிறது.

சட்டம் சொல்லாத ஒன்றும் உண்டு. ஒப்பந்தத்தில் வந்தவரைக் கூட்டத்திற்கு அழைக்காமலும், அடையாள அட்டையின் நிறத்தைக்கொண்டே பிரித்துப் பார்த்தும் நடத்தும் அலுவலகங்களில், தவறு கண்ணில் பட்டாலும் அவர் வாய் திறப்பதில்லை. பிறர் நிரலைப் படித்துக் குறை சொல்லும் வாய்ப்பு அவருக்கும் சமமாகக் கொடுக்கப்படும் குழுவிலேயே வெளியுதவி உண்மையான உதவியாகிறது. அவர் ஒருநாள் போய்விடுவார் என்பது முதல் நாளே தெரிந்த செய்தி என்பதால், வரும்போது நடந்த கே.டி.யைப் போலவே போகும்போதும் திசை மாறிய ஒரு கே.டி. நடக்க வேண்டும், அதற்கான இரண்டு வாரங்களையும், அந்த நாட்களுக்குரிய கூலியையும் தொடக்க ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.