வளர்ந்த பெண்களின் முகப்பருவும் இரத்தக் கொழுப்பும்

முகப்பரு என்பது தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளும் அவற்றோடு இணைந்த மயிர்க்கால்களும் அடைபட்டு வீங்குவதால் உண்டாகும் தோல் நோய் ஆகும். பெரும்பாலும் இது பதின்ம வயதில் தோன்றி, இருபதுகளில் தானாகவே அடங்கிவிடும். 25 வயதுக்குப் பின்னும் தொடர்ந்தாலோ, அந்த வயதுக்குப் பிறகு புதிதாகத் தோன்றினாலோ அது வளர்ந்தோர் முகப்பரு எனப்படுகிறது. இது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

"உடம்பில் கொழுப்பு கூடினால் பரு வரும்" என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. அது அப்படியே சரியன்று. இரத்தக் கொழுப்புக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்பதும் சரியன்று. சில பெண்களிடம் இவை இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருக்கின்றன. அந்தக் காரணத்தைக் கண்டறிவதே முக்கியம்.

பருவிலுள்ள கொழுப்பு

தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சீபம் என்னும் எண்ணெய்ப் பசையைச் சுரக்கின்றன. இதில் ஏறத்தாழப் பாதி டிரைகிளிசரைடு வகைக் கொழுப்பு. மீதியில் பெரும்பகுதி மெழுகு வகைப் பொருள்களும் ஸ்குவாலின் என்ற பொருளும் ஆகும். கொலஸ்டிரால் மிகச் சிறிய அளவிலேயே உள்ளது. சீபத்தின் பெரும்பகுதியைச் சுரப்பி தானே தயாரித்துக்கொள்கிறது. எனவே இரத்தத்தில் கூடிய கொலஸ்டிரால் தோல் வழியே கசிந்து பருவாகிறது என்று கொள்ள இடமில்லை.

சுரப்பியை அதிகம் தூண்டுபவை ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மை இயக்குநீர்கள். பெண்களின் உடலிலும் சினைப்பைகளும் அட்ரினல் சுரப்பிகளும் இவற்றைச் சிறிதளவு சுரக்கின்றன. இவை கூடினால் எண்ணெய் மிகும். மயிர்க்காலின் வாய் அடைபடும். அங்கே வாழும் பாக்டீரியாக்கள் பெருகி அழற்சி உண்டாகும். வளர்ந்த பெண்களுக்குத் தாடையிலும் மோவாயிலும் பருக்கள் மிகுவதும், மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் அவை கூடுவதும் இயக்குநீர்களின் பங்கைக் காட்டுகின்றன.

இரண்டுக்கும் பொதுவான வேர்

உடலின் செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை இன்சுலின் எதிர்ப்பு எனப்படும். அப்போது கணையம் அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவதாக, சினைப்பைகளைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. இரண்டாவதாக, ஆண்ட்ரோஜனைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கும்படி செய்கிறது. இதனால் கட்டுப்படாத ஆண்ட்ரோஜன் மிகுந்து முகத்தில் பரு வருகிறது. மூன்றாவதாக, இன்சுலின் எதிர்ப்பு நிலையில் கல்லீரல் அதிக டிரைகிளிசரைடை இரத்தத்தில் விடுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். குறைகிறது. முகத்தில் தெரிவதும் பரிசோதனைத் தாளில் தெரிவதும் இவ்வாறு ஒரே இடத்திலிருந்து கிளைக்கின்றன.

இந்த நிலை தெளிவாகக் காணப்படும் நோய், பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி. 2003இல் வகுக்கப்பட்ட ராட்டர்டாம் வரையறையின்படி, ஒழுங்கற்ற மாதவிடாய் அல்லது கருமுட்டை வெளிப்படாமை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு நோய்கள் இல்லையென உறுதியானால் இந்நோய் உள்ளதாகக் கொள்ளப்படும். ஆண்ட்ரோஜன் மிகுதியின் வெளி அடையாளங்களில் பருவும் ஒன்று. இதைக் கவனியாமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. கருத்தரிப்பதிலும் தடை ஏற்படலாம்.

சென்னை ஆய்வுகள் காட்டுவது

சென்னை கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடத்திய ஆய்வின் இரத்தக் கொழுப்பு முடிவுகள் 2014இல் வெளியாயின. தமிழ்நாடு, மகாராட்டிரம், சார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலும் சண்டிகரிலும் 20 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் பெண்களும் இதில் சோதிக்கப்பட்டனர். 13.9 விழுக்காட்டினருக்கு மொத்தக் கொலஸ்டிராலும், 29.5 விழுக்காட்டினருக்கு டிரைகிளிசரைடும் கூடுதலாக இருந்தன. 72.3 விழுக்காட்டினருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. பரு இல்லாதவர்களிடமும் எச்.டி.எல். குறைவு மிகச் சாதாரணம். ஆகவே பரு உள்ள ஒரு பெண்ணின் பரிசோதனையில் எச்.டி.எல். குறைந்திருப்பதால் மட்டுமே பருவுக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. பரு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு வெவ்வேறு நாடுகளில் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் கொழுப்பு அளவுகள் வேறுபட்டன, சிலவற்றில் வேறுபடவில்லை.

யாருக்குப் பரிசோதனை தேவை

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு போன்ற பகுதிகளில் இரத்தப் பரிசோதனை நிலையங்கள் எளிதில் கிடைக்கின்றன. எனினும் பரு உள்ள ஒவ்வொரு பெண்ணும் அதற்காகவே கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை. பருவுடன் கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

• மாதவிடாய் தள்ளிப்போதல் அல்லது ஒழுங்கின்மை
• மோவாய், மேலுதடு, மார்பு ஆகிய இடங்களில் தடித்த முடி வளர்தல்
• உச்சந்தலையில் முடி குறைதல்
• கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் கறுத்துத் தடித்தல்
• இடுப்பைச் சுற்றி எடை கூடுதல்
• பெற்றோர், உடன்பிறந்தோரிடம் சர்க்கரை நோய் அல்லது இளவயது மாரடைப்பு

பெரியவர்களுக்கான பொதுவான அளவுகள், ஒரு டெசிலிட்டர் இரத்தத்துக்கு மில்லிகிராம் கணக்கில்:

• மொத்தக் கொலஸ்டிரால்: 200க்குக் கீழ்
• எல்.டி.எல்.: 100க்குக் கீழ்
• டிரைகிளிசரைடு: 150க்குக் கீழ்
• எச்.டி.எல். (பெண்களுக்கு): 50 அல்லது அதற்கு மேல்

டிரைகிளிசரைடைச் சரியாக அறிய 9 முதல் 12 மணி நேரம் உண்ணாமல் இருந்து சோதிப்பது வழக்கம். காலைக் காப்பியையும் தவிர்க்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். கர்ப்ப காலத்தில் இந்த அளவுகள் இயல்பாகவே கூடும்.

பரு மருந்தும் இரத்தக் கொழுப்பும்

கடுமையான பருவுக்குத் தரப்படும் ஐசோடிரெட்டினோயின் மாத்திரை எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்குகிறது. அதே மாத்திரை, உட்கொள்வோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு டிரைகிளிசரைடைக் கூட்டுகிறது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் அது பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் டிரைகிளிசரைடு மிக அதிகமானால் கணைய அழற்சி வரக்கூடும். இதனால்தான் மருந்து தொடங்கும் முன்னும், தொடங்கிய சில வாரங்களிலும் கொழுப்புப் பரிசோதனை செய்யப்படுகிறது.

இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் ஊனத்தை உண்டாக்கும். மருந்து உட்கொள்ளும் காலத்திலும், நிறுத்திய பின் குறைந்தது ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. தோழியின் மருந்துச் சீட்டைக் காட்டி இதை வாங்கி உண்பது பெரும் ஆபத்து.

ஸ்டீராய்டு கலந்த முகக் களிம்புகளும் கேடு தருபவை. முதலில் முகம் தெளிந்தது போலத் தோன்றினாலும், நாளடைவில் அவையே பருவைப் பெருக்கித் தோலை மெலியச் செய்யும். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்பதற்கு இந்திய அரசு 2018இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

உணவு

பரு வந்தவுடன் நெய்யையும் முட்டையையும் மட்டும் நிறுத்துவது வழக்கம். ஆய்வுகள் சுட்டுவது வேறு. சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவுகளே பருவோடு கூடுதலாகத் தொடர்புபடுத்தப்படுகின்றன. பாலும் சிலருக்குப் பருவைக் கூட்டலாம். சென்னையில் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நகர மக்களின் அன்றாடக் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, பெரும்பாலும் வெள்ளை அரிசியிலிருந்து, கிடைத்தது. இவற்றை மிகுதியாக உண்டவர்களிடம் டிரைகிளிசரைடு உயர்வும், எச்.டி.எல். குறைவும், இன்சுலின் எதிர்ப்பும் கூடுதலாகக் காணப்பட்டன.

எனவே தட்டில் சோற்றைக் குறைத்துக் காய், கீரை, பருப்பு, சுண்டலைக் கூட்டுவது, இனிப்புப் பானங்களைத் தவிர்ப்பது, நாள்தோறும் நடப்பது ஆகியவை இரத்தக் கொழுப்புக்கு உறுதியாக நன்மை தரும், பருவுக்கும் உதவலாம். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பருவுக்கான மருந்துகள் அல்ல.

"கல்யாணம் ஆனால் பரு போய்விடும்" என்று வீட்டில் சொல்லிக் காத்திருப்பதால், கண்டறிய வேண்டிய நோய் சில ஆண்டுகள் மறைந்தே இருந்துவிடக்கூடும். பருவோடு மாதவிடாயும் தவறும் பெண் தோல் மருத்துவரை மட்டுமன்றி மகளிர் மருத்துவரையும் பார்ப்பது பொருத்தமானது.