தண்டவாளம் கிடந்த 72 ஏக்கர்



எங்கள் தோட்டப் பள்ளிக்கு எதிரே செம்பனைக் காடு இருக்கிறது. சென்ற ஆண்டு ஒருநாள் சிலர் வந்து நிலத்தை அளந்து, சிவப்புத் துணி கட்டிய முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, இங்கே டவுன் வரப் போகுதாம். எங்க வீடு அதிலே எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அப்போது பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பெரிய நிலத்தை நகரமாக மாற்றுகிறவர்கள் எதை முதலில் யோசிக்கிறார்கள், எதை மறந்துவிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடை தேட முடியும். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அதுதான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சில் எழுந்துள்ள கே.எல். சென்ட்ரல்.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் செங்கற்களம் என்று பொருள். 1880-களில் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகள் மறைந்து செங்கல் கட்டடங்கள் எழுந்தபோது, அவற்றுக்குக் கல் சுட்ட இடம் அது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புகைவண்டி ஓடத் தொடங்கியது. பின்னர் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் பெரிய யார்டு பிரிக்ஃபீல்ட்சில் அமைந்தது. தண்டவாளம் போட்டவர்களில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் மிகப் பலர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் கிராணிகளாகவும் நிலைய அதிபர்களாகவும் வேலை பார்த்தார்கள். அவர்களுக்காக வரிசை வரிசையாகக் குடியிருப்புகள் எழுந்தன. கோயில்களும் கடைகளும் தோன்றின.

அந்த யார்டு இருந்த 72 ஏக்கர் நிலத்தில் புதிய நிலையத்தையும் அதைச் சுற்றி ஒரு நகரையும் அமைக்கும் பொறுப்பை, 1994-இல் எம்.ஆர்.சி.பி. தலைமையிலான நிறுவனக் கூட்டமைப்பிடம் அரசாங்கம் ஒப்படைத்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா மூலத்திட்டத்தை வரைந்தார். 2001 ஏப்ரலில் நிலையம் திறக்கப்பட்டது.

புகைவண்டி நிலத்துக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. முதலாவது, அது பெரும்பாலும் ஊரின் நடுவில் ஒரே கையில் இருக்கிறது. ஆயிரம் பேரிடம் ஆயிரம் துண்டு வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை. இரண்டாவது, அதன் மண்ணை நம்ப முடியாது. எண்ணெயும் நிலக்கரிச் சாம்பலும், கட்டைகள் மக்காமலிருக்கப் பூசிய மருந்தும் பல்லாண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கும். ஆகவே மண்ணைச் சோதித்து, கெட்டதை அகற்றிய பிறகுதான் அங்கே குழந்தைகள் விளையாடலாம். மூன்றாவது, அது ஊருக்கு நடுவே சுவர் போலக் கிடக்கும். இந்தப் பக்கத்துச் சாலை தண்டவாளத்தோடு நின்றுவிடும். அந்தப் பக்கத்து ஊர் இதற்கு முதுகைக் காட்டியே வளர்ந்திருக்கும். எனவே நகரமைப்பாளர் கட்டடத்தை வரைவதற்கு முன்னால், இரு பக்கமும் மக்கள் நடந்து கடக்கும் வழியை வரைய வேண்டும்.

எந்த வேலை முன், எந்த வேலை பின் என்பதும் முக்கியம். இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். மோனோரயில் 2003-இல் ஓடத் தொடங்கியது. ஆனால் அதன் நிலையம் பெரிய நிலையத்தோடு ஒட்டியிருக்கவில்லை. நடுவில் காலியாகக் கிடந்த நிலத்தில் நூ சென்ட்ரல் பேரங்காடி எழுந்து, 2014-இல் அதன் வழியே பாதை திறக்கும் வரை, பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நடந்தார்கள். கட்டடம் முடியட்டும், பிறகு வழி விடுவோம் என்றால், அந்தப் "பிறகு" வர 11 ஆண்டுகளும் ஆகலாம்.

இனி, எவ்வளவு உயரம் கட்டுவது? இதற்குப் பிளாட் ரேஷியோ என்றொரு கணக்கு உண்டு. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. விகிதம் 4 என்று மாநகர் மன்றம் அனுமதித்தால், அந்த ஏக்கரில் எல்லா மாடிகளையும் சேர்த்து 174,240 சதுர அடி கட்டலாம். பாதி நிலத்தில் கட்டினால் 8 மாடி வரும். கால் பங்கு நிலத்தில் கட்டினால் 16 மாடி வரும். மீதி முக்கால் பங்கில் மரமும் திடலும் வைக்கலாம். ஆகவே உயரமான கட்டடம் என்றாலே தீமை என்று எண்ண வேண்டாம். மிச்சமான நிலத்தில் என்ன வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். பூங்கா வைத்தார்களா, கார் நிறுத்துமிடம் வைத்தார்களா?

வீடு, கடை, அலுவலகம் எல்லாவற்றையும் கலந்து கட்டுவது ஏன்? அலுவலகம் மட்டும் இருந்தால் மாலை 6 மணிக்கு மேல் அந்த இடம் வெறிச்சோடும். வீடு மட்டும் இருந்தால் காலையில் எல்லாரும் ஒரே திசையில் வேலைக்குக் கிளம்பி நெரிசல் உண்டாகும். இரண்டும் கலந்தால் கடைக்காரருக்கு நாள் முழுவதும் வியாபாரம் உண்டு. தெருவில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பதால் பாதுகாப்பும் உண்டு.

கே.எல். சென்ட்ரலில் இந்தக் கலப்பு உண்டு. அலுவலகங்கள், ஹோட்டல்கள், பேரங்காடி, வீடுகள் எல்லாம் இருக்கின்றன. போக்குவரத்தைப் பொறுத்தவரை நாட்டிலேயே மிகச் சிறந்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வீடுகள் உயர்ந்த விலையுள்ள அடுக்குமாடிகள். அந்தக் கோபுரங்களைக் கூட்டித் துடைப்பவரும் காவல் காப்பவரும் பெரும்பாலும் தொலைவிலிருந்துதான் வருகிறார்கள். அக்கம்பக்கத்திலிருந்த பழைய ரயில்வே குடியிருப்புகள் பலவும் இப்போது இல்லை.

ஏறத்தாழ இதே அளவுள்ள இன்னொரு நிலத்தையும் பார்ப்போம். லண்டனில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் பின்புறம், சரக்கு வண்டிகள் நின்ற 67 ஏக்கர் பாழடைந்து கிடந்தது. பல ஆண்டுகள் மக்களோடு கலந்து பேசிய பிறகு, 2006-இல் திட்டம் அனுமதி பெற்றது. அதில் ஏறத்தாழ 2,000 வீடுகளும், 26 ஏக்கர் திறந்த வெளியும் இடம் பெற்றன. 1852-இல் கட்டிய தானியக் கிடங்கை இடிக்கவில்லை. 2011-இல் அங்கே ஒரு கலைக் கல்லூரி குடிபுகுந்தது. எரிவாயுத் தொட்டிகளின் பழைய இரும்புச் சட்டங்களுக்குள் அடுக்குமாடி வீடுகளைக் கட்டினார்கள். குறைந்த வருமானமுள்ளோருக்கான வீடுகளும் ஒப்பந்தத்தில் இருந்தன. ஆனால் பின்னாளில் அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள். எழுதி வைத்த வாக்குறுதியையும் கண்காணிக்க ஆள் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

இவற்றையெல்லாம் படித்த பிறகு, என் மாணவர்களிடம் 72 கட்டங்கள் போட்ட தாளைக் கொடுத்தேன். ஒரு கட்டம் ஓர் ஏக்கர். "நீங்களே ஒரு நகரம் வரையுங்கள்" என்றேன். முதலில் எல்லாரும் பேரங்காடியும் நீச்சல் குளமும் வரைந்தார்கள். சாலை, கால்வாய், மின்நிலையம், மழைநீர் தேங்கும் குளம் இவற்றுக்கு 18 கட்டங்களை ஒதுக்கச் சொன்னதும், பாதிப் பேரின் பேரங்காடி சிறுத்துவிட்டது. அப்போது, முன்பு கேள்வி கேட்ட அதே மாணவி, "ஐயா, இந்தப் பேரங்காடியைக் கூட்டுற ஆள் எங்கே குடியிருப்பார்?" என்றாள். அவளுடைய தாயார் கிள்ளானில் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை செய்கிறார். அந்தக் கேள்விக்குப் பிறகு வகுப்பு முழுவதும் அழிப்பானைத் தேடியது.

நேயர்களே, தீபகற்ப மலேசிய மாநிலங்களில் 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் மறுப்போ கருத்தோ தெரிவிக்க நமக்கு உரிமை உண்டு. திட்டம் அச்சாகி, முளை அடித்து, மண்வாரி இயந்திரம் வந்த பிறகு கூட்டம் போடுவதைவிட, காட்சிக்கு வைத்த நாளில் போய்ப் பார்ப்பது நூறு மடங்கு பயன் தரும்.

போகும்போது ஐந்து கேள்விகளைக் கையோடு கொண்டு போங்கள். இப்போது இங்கே குடியிருப்பவருக்கு இந்த நகரில் இடம் எங்கே? அவர் வாங்கும் சம்பளத்துக்கு ஏற்ற வீடு எத்தனை? பள்ளியும் கோயிலும் வரைபடத்தில் உள்ளனவா? நடந்து போக வழி உண்டா? அந்த வழியும் அந்த வீடும் எந்த ஆண்டில் முடியும்? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்துத் திட்டம் இன்னும் காட்சிக்கு வரவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை விசாரித்துவிட்டோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் மூவரை இதற்கென்றே நியமித்திருக்கிறோம். மாணவர்கள் வரைந்த தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில், பள்ளிக்குப் பக்கத்துக் கட்டத்தில், பென்சிலால் ஒரு சிறிய வீடும் அதன் மேல் "எங்க வீடு" என்ற சொற்களும் உள்ளன. நாங்கள் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போவோம்.