வலிக்கு நடுவே ஒரு வாலாட்டல்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்திலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்கு வலியோடு போகிறவருக்குக் காத்திருப்பும் ஒரு நோய்தான். பயம் கூடினால் உடலில் அட்ரினலினும் கோர்ட்டிசோலும் ஏறும்; தசை இறுகும்; அதே வலி பெரிதாகத் தெரியும். இந்தச் சுழலை ஒரு நாய் அறுக்குமா? கனடாவின் சஸ்கற்றூன் நகர ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவில் சுமார் 200 பேரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. பயிற்சி பெற்ற நாயோடு 10 நிமிடம் இருந்தவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. நாயைச் சந்திக்காதவர்களிடம் அந்தளவு மாற்றமில்லை. நாயின் கழுத்து மயிருக்குள் விரல்விட்டுத் தடவும்போது கவனம் காயத்தை விட்டு விலகுகிறது, மூச்சும் நிதானப்படுகிறது.

நாய் வந்ததை நோயாளியிடம் மறைக்க முடியாது, ஆகவே எதிர்பார்ப்பும் கணக்கில் சேரும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் வலியே நோயாளி சொல்லித்தானே தெரிகிறது! நாயை இங்கே ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவரப் பெரிய தடை வேறு. இலங்கையில் விசர்நோய் பெரும்பாலும் நாயால்தான் பரவுகிறது. கடிபட்டு ஊசிக்காகக் குந்தியிருப்பவர் முன்னால் நாயை நடத்திப்போனால் பதற்றம் ஏறத்தான் செய்யும். நாய்க்குத் தடுப்பூசி போடலாம், தொட்டவர் கை கழுவலாம். அந்தப் பயத்துக்கு ஊசியில்லை. அதனால்தான் நாய் வரும் ஆஸ்பத்திரிகளிலும் முதலில் கேட்கிறார்கள்; தலையாட்டியவரின் கட்டிலருகே மட்டும் நாய் போகிறது.