ஏ3 ஷீட்டை ஏ4 ஆக்கினால்…

டிராயிங் ஷீட்டை நீட்டி, "அண்ணா, இந்த ஏ3-யை ஏ4-ல போட்டுக் கொடுங்க"ன்னு ஜெராக்ஸ் கடையில் கேட்டிருப்போம். மெஷினில் 71% என்று வரும். ஏன் 75 இல்லை?

இரண்டு உருவங்கள் வடிவொத்தவையா என்று பார்க்க, ஒன்றை நகர்த்தலாம், சுழற்றலாம், புரட்டலாம். பிறகு எல்லாப் பக்கத்தையும் ஒரே மடங்கில் பெருக்கலாம் அல்லது சுருக்கலாம். இவற்றால் இன்னொன்றின் மேல் அப்படியே பொருந்தினால், இரண்டும் வடிவொத்தவை.

ஏ4 தாள் 210 × 297 மி.மீ., ஏ3 தாள் 297 × 420 மி.மீ. 210-ஐயும் 297-ஐயும் 1.414-ஆல், அதாவது √2-ஆல் பெருக்கிப் பாருங்க. 297, 420 வந்துடும். திரும்பிச் சுருக்கினால் 0.707. அதுதான் அந்த 71%!

லீகல் தாள் 216 × 356 மி.மீ. ஏ4-ஐ அதற்குப் பொருத்த அகலத்தை 1.03 மடங்கும் நீளத்தை 1.2 மடங்கும் இழுக்கணும். மடங்கு ஒன்றாக இல்லை. எப்படித் திருப்பினாலும் வடிவொப்பு கிடையாது.

கால்குலேட்டர் இல்லையா? இரண்டு தாளையும் நீளவாக்கில் ஒரே மூலையில் சேர்த்து வைங்க. அந்த மூலையிலிருந்து போகும் மூலைவிட்டங்கள் ஒரே கோட்டில் விழுந்தால் வடிவொத்தவை.

ஒரு எச்சரிக்கை. சுருக்கினால் கோணம் மாறாது, நீளம் மாறும். ஏ3-ல் 1:1 அளவில் போட்ட 100 மி.மீ. கோடு, ஏ4 பிரதியில் சுமார் 71 மி.மீ.தான். அதை ஸ்கேல் வைத்து அளந்து ஒர்க்‌ஷாப்பில் பீஸை வெட்டினால் ஜாப் காலி. படத்தில் எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்புங்க!